மானிட்டர் எங்கள் பக்கம்

ஜூலை 9, புதன்

ஜனவரியில் கல்லூரியில் கொடுத்த டைரி இது. அட்டையில் கல்லூரிக் கட்டிடம், முதல் பக்கத்தில் சேர்மன். ஆறு மாதமாக என் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. இன்று மீட்டிங்கில் குறிப்பெடுக்க வேறு நோட்டு அகப்படாததால் இதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொடங்கியாயிற்று, எழுதுவோம்.

சனிக்கிழமை எங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் ஓபன் டே. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றவர்களும் வந்து லேபைச் சுற்றிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், சமோசா சாப்பிடலாம். அரசு கவுன்சிலிங்குக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று பிள்ளைகள் இணையத்தில் பட்டியல் நிரப்ப மூன்று நாள் கொடுக்கிறார்கள். அந்த மூன்றில் முதல் நாள்தான் எங்கள் ஓபன் டே. தற்செயல் என்று சொல்லிக்கொள்கிறோம்.

எங்கள் ஹெச்.ஓ.டி. தங்கதுரை சார் வேலைகளைப் பிரித்தார். பலூன் வளைவு மூன்றாம் ஆண்டுக்கு. தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சின்னக் கார் இரண்டாம் ஆண்டுக்கு. உதவி மேசை எனக்கு. "கோமதி மேடம் பேசினா பெத்தவங்க நம்புவாங்க. அந்த முகராசி நமக்கெல்லாம் கெடையாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

உதவி மேசை என்றால், பட்டியல் நிரப்பத் தெரியாத குடும்பங்களுக்கு நாங்களே நிரப்பிக் கொடுப்பது. மானிட்டர் எங்கள் பக்கம் பார்த்திருக்க வேண்டும், பெற்றவர்கள் எதிரே உட்கார வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டால் கண் கூசும் என்பது காரணம். பக்கத்தில் 'பிரிண்டர் ரிப்பேர்' என்று ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஓபன் டே அன்று மட்டும் எங்கள் பிரிண்டர் ரிப்பேராகிவிடும்.

ஆளுக்குப் பத்து அட்மிஷன். பத்து வராதவர் பெயர் அடுத்த வருஷ டைம்டேபிளில் இருக்காது. போன வருஷம் ராஜலட்சுமி மேடம் எட்டில் நின்றார். இப்போது வீட்டில் டியூஷன் எடுக்கிறார். எனக்கு இதுவரை ஒன்பது.

வரும் வழியில் கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

ஜூலை 12, சனி

காலை ஏழரைக்கே போய்விட்டேன். பலூன் வளைவில் நாலு பலூன் வெடித்து, ஒரு பாட்டி பயந்து, செக்யூரிட்டி பயந்து, பிறகு எல்லோரும் சமோசா சாப்பிட்டோம்.

பதினோரு மணிக்குச் சின்னக் கார் மக்கர் செய்தது. ஜன்னல் பக்கத்து வளைவுக்கு வந்ததும் கோட்டை விட்டுவிட்டு நாற்காலிக்கு அடியில் போய் நின்றுகொண்டது. இரண்டாம் ஆண்டுப் பையன்கள் பேட்டரியை மாற்றினார்கள், சக்கரத்தைக் கழற்றினார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பார்க்க வந்த கூட்டத்திலிருந்து பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் மெதுவாகப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "வெயில் விழுதுல்லா, அதான் கோடு தெரியல அதுக்கு" என்றாள். கார் ஒழுங்காக ஓடிற்று. பையன்கள் கைதட்டினார்கள். அவள் வெட்கப்பட்டு அப்பாவின் பின்னால் போய் நின்றாள்.

அந்த அப்பா செருப்பை லேப் வாசலில் கழற்றிவிட்டு, கையில் மஞ்சள் பையோடு என் மேசைக்கு வந்தார்.

"எம்பேரு குருசாமி, டீச்சரம்மா. கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ்ல லோடு ஏத்துதேன். இது எம்மக மாரிச்செல்வி. படிச்சா கம்ப்யூட்டர்தாங்கா."

"கட்-ஆஃப் எவ்வளவும்மா?"

"நூத்தி எண்பத்தொன்றரை மேடம்."

நல்ல மார்க். எங்கள் கல்லூரிக்குத் தேவைக்கு மேலேயே நல்ல மார்க்.

"அரசு காலேஜ மொத போடணும்னு அவுக வாத்தியார் சொல்லிவிட்டிருக்காரு. அடுத்தாப்ல உங்க காலேஜு. மிச்சத்த நீங்களே பாத்துப் போடுங்க டீச்சரம்மா" என்றார்.

அவர் சொன்னது நான் படித்த கல்லூரி. "நானும் அங்கதாம்மா படிச்சேன்" என்று செல்வியிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. பாஸ்வேர்டு எழுதிய சீட்டைத் தந்தார்கள். குருசாமியின் பட்டன் போனுக்கு ஓ.டி.பி. வந்ததும் அவர் எழுந்து நின்று ஆறு எண்களையும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னார். நிரப்பிவிட்டுப் பட்டியலை வாசித்தும் காட்டினேன். முதலில் அரசு கல்லூரி, இரண்டாவது எங்கள் கல்லூரி, அப்புறம் மூன்று.

"பிரிண்ட் எடுத்துத் தருவீங்களா மேடம்?" என்று கேட்டாள் செல்வி.

"பிரிண்டர் ரிப்பேர்மா."

பாஸ்வேர்டு சீட்டைத் திருப்பிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அது ஹெச்.ஓ.டி.யின் ஃபைலுக்குப் போயிற்று.

இருபத்து மூன்று குடும்பங்களுக்கு நிரப்பியிருக்கிறேன். எல்லாருக்கும் வரிசை சரியாக விழுந்ததா என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. காலையிலிருந்து ஒரு சமோசாதான் சாப்பிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நினைவிருக்கிறது.

வாசித்த வரிசை வேறு, அடித்த வரிசை வேறு. எங்கள் கல்லூரியை முதலில் போட்டேன், அரசு கல்லூரியை இரண்டாவதாகப் போட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு மானிட்டரின் முதுகுதான் தெரியும்.

இதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். பட்டியலில் மேலே இருப்பதைத்தான் கவுன்சிலிங் முதலில் பார்க்கும். அது கிடைத்துவிட்டால் அடுத்த வரியை எட்டிக்கூடப் பார்க்காது. செல்வியின் மார்க்குக்கு எங்கள் கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும்.

நாளை மாலை ஐந்து மணி வரை மாற்றலாம். பாஸ்வேர்டு சீட்டைப் படமெடுத்தது என் போனில் இருக்கிறது. மாற்றிச் சேமிக்க மட்டும் அவர் போனுக்கு மறுபடி ஒரு ஓ.டி.பி. வரும், அதைக் கேட்க வேண்டும். என்னவென்று சொல்லிக் கேட்பது?

திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். மதியம் சிலிண்டர் வந்தது. அந்தத் தம்பி வாசலிலேயே நின்று ஓ.டி.பி. கேட்டான். "மொதல்ல சிலிண்டர உள்ள வை, அப்புறம் சொல்றேன்" என்றேன். "மேடம் ரொம்ப உஷாரு" என்றான். என் வீட்டுக்காரர் ஹாலில் இருந்து சிரித்தார்.

ஜூலை 14, திங்கள்

காலையில் இரண்டு வகுப்பு. பிறகு லேப். பிறகு யாரோ கேட்ட ஏதோ ஒரு ஸ்டேட்மென்ட். அப்படியே மூன்றே முக்கால் ஆகிவிட்டது. ஆகிவிட்டது என்றா எழுதுகிறேன்? நான்தான் ஆக்கினேன்.

மூன்றே முக்காலுக்கு மாடிப்படியில் நின்று குருசாமிக்குப் போன் செய்தேன். பட்டியலில் சின்னத் திருத்தம், ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள் என்று கேட்பதாக இருந்தேன்.

"காலையிலயே உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டாரு டீச்சரம்மா. சொல்லிட்டேன். எல்லாம் லாக் பண்ணியாச்சு, இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, நிம்மதியா இருங்கன்னாரு."

"ஓ. சரிண்ணே. சும்மா விசாரிக்கத்தான் போட்டேன்."

"நீங்க இருக்கும்போது எங்களுக்கென்ன டீச்சரம்மா."

ஹெச்.ஓ.டி.யிடம் போய்க் கேட்டேன். "ஒம்பது மணிக்கே எல்லாத்தையும் லாக் பண்ணிட்டோம் மேடம். இல்லன்னா அடுத்த காலேஜ்காரன் பூந்து மாத்திருவான். ஊர் கெட்டுக் கெடக்கு" என்றார்.

நேற்று முழுக்க என்னிடம் நேரம் இருந்தது. திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16, புதன்

செல்விக்கு எங்கள் கல்லூரி வந்திருக்கிறது.

ஏற்றுக்கொள்வதா, வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குப் போவதா என்று முடிவெடுக்க இரண்டு நாள் தருகிறார்கள். அடுத்த சுற்றில் அரசு கல்லூரியில் இடம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். குருசாமி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். பின்னால் லாரி சத்தம்.

"அரசு காலேஜு வரல டீச்சரம்மா. உங்க காலேஜுதான் வந்திருக்கு. மார்க்கு பத்தலயோ?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் டிபன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தயிர்சாதம்.

"ஆமாண்ணே. இந்த வருஷம் கட்-ஆஃப் ஏறிடுச்சு."

"இன்னும் நாலு மார்க்கு கூட எடுட்டீன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா? சரி. இதையே ஒத்துக்கிடலாமா? நீங்க சொன்னா சரி."

"ஒத்துக்கோங்கண்ணே."

சாதத்தைக் காக்காய்க்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

பத்து. அடுத்த வருஷ வேலைக்கான கான்ட்ராக்டில் கையெழுத்தாயிற்று. ஹெச்.ஓ.டி. லட்டு கொடுத்தார். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

முதலாம் ஆண்டு தொடங்கியது. செல்வி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வேறெங்கு உட்காருவாள்.

குருசாமி ஒரு பெட்டி கடலைமிட்டாயோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார். எத்தனை சொல்லியும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன் டீச்சரம்மா. எங்க டீச்சரம்மா ஒருத்தி இருக்கா, தன் புள்ள மாதிரி பாத்து ரொப்பிக் குடுத்தான்னு." பக்கத்து மேசை மேடம்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "கெமிஸ்ட்ரில விட்டுட்டேன் மேடம். இல்லன்னா அங்க கெடச்சிருக்கும்" என்றாள். அப்பா அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

கடலைமிட்டாயை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

எந்தக் கல்லூரியில் எந்த மார்க்கோடு இடம் முடிந்தது என்ற பட்டியல் வந்துவிட்டது. பார்க்கக்கூடாது என்று இருந்தேன், பார்த்தேன். அரசு கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், செல்வியின் இடஒதுக்கீட்டுப் பிரிவு: கடைசியாகச் சேர்ந்த பிள்ளை நூற்று எழுபத்தேழு.

செல்வி நூற்று எண்பத்தொன்றரை.

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தேன். நம் பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை. நாலாக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை.

டிசம்பர் 3, புதன்

இன்று சொல்லிவிடுவது என்று போனேன்.

செல்வி லேபில் தனியாக இருந்தாள். மற்ற பிள்ளைகள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். இவள் போவதில்லை. "வீட்டுல எப்படி இருக்காங்கம்மா?" என்று தொடங்கினேன்.

"நல்லாருக்காங்க மேடம். ஃபீஸு கட்ட அப்பா இப்போ ஞாயித்துக்கெழமையும் லோடுக்குப் போறாங்க. அந்தக் காலேஜ்ல கெடச்சிருந்தா இவ்வளவு கஷ்டமில்ல. என்னாலதான். யாராவது வீட்டுக்கு வந்தா அப்பா, நாலு மார்க்குல கோட்டைய விட்டுட்டான்னு சொல்லிச் சிரிப்பாங்க. சிரிக்கத்தான் செய்வாங்க மேடம், ஆனா எனக்கு எந்திரிச்சு உள்ள போயிரணும்போல இருக்கும்."

கைப்பையில் கை விட்டேன். தாள் விரலில் பட்டது. அப்போது மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள்.

"நாளைக்கு ரெக்கார்டு நோட்ட மறக்காமக் கொண்டா" என்றேன்.

இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை கிடைக்காது என்பதும் உண்மைதான். எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்பதும் உண்மைதான். பொய் சொல்லிக்கொள்ளக்கூட உண்மைகள்தான் உதவுகின்றன. என்மீது எனக்கே எரிச்சலாக வருகிறது.

மார்ச் 11, புதன்

செமஸ்டரில் செல்வி வகுப்பில் முதல். "எல்லாம் உங்களாலதான் மேடம்" என்றாள்.

புது டைரியை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இதிலேயே பக்கம் இருக்கிறது.

ஜூலை 11, சனி

மறுபடி ஓபன் டே. பலூன் வளைவு, சமோசா, எனக்கு உதவி மேசை. ஒன்பது வந்திருக்கிறது. போன வருஷமும் ஓபன் டே அன்று ஒன்பதில்தான் நின்றேன்.

வந்தவர்களை அழைத்துப்போக மாணவர்களுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டிருந்தார்கள். செல்விக்குக் கோட்டு தோளில் தொளதொளவென்று இருந்தது. பத்தரை மணிக்கு ஒரு அம்மாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு என்னிடம்தான் வந்தாள்.

"எங்க தெருதான் மேடம். பொன்னுத்தாய் அத்தை. இது கனி, கட்-ஆஃப் நூத்தி எழுபத்தெட்டு. அத்தை, அந்தச் சீட்ட மேடம்கிட்ட குடுங்க. எனக்கும் மேடம்தான் ரொப்புனாங்க."

பொன்னுத்தாய் சீட்டை இரண்டு கையாலும் நீட்டினார். வாங்கினேன். கை கீபோர்டுக்குப் போகவில்லை.

எழுந்து மானிட்டரைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்பினேன். வயர் எட்டவில்லை. இழுத்துத் திருப்பியதில் பேனா ஸ்டாண்டு சரிந்து பேனாவெல்லாம் உருண்டது. பின்னால் நின்றிருந்த ஹெச்.ஓ.டி., "மேடம், வெளிச்சம் கூசும்" என்றார்.

செல்வி உடனே ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "இப்போ கூசாது சார்."

கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "இது போன வருஷம் இடம் முடிஞ்ச மார்க்கு. பாத்துட்டு நீயே சொல்லு கனி. எத முதல்ல போட?"

"அரசு காலேஜ் மேடம்."

அடித்தேன். முதல் வரி அரசு கல்லூரி, இரண்டாவது வரி நாங்கள். பொன்னுத்தாய்க்குப் புரியவில்லை. செல்வி விளக்கினாள். "மேல இருக்கிறதத்தான் அத்தை மொதல்ல பாக்கும். அது கெடச்சிட்டா கீழ உள்ளதுக்குப் போகவே போகாது. அதனால எது வேணுமோ அத..."

அங்கே நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். விரல் வைத்து அந்த வரியைத் தேடினாள். அவள் விரல் நின்ற இடம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் எதுவென்று தெரியும்.

"போன வருஷம் நூத்தி எழுபத்தேழு வரைக்கும் எடுத்திருக்காங்க மேடம்."

"ஆமா."

"எனக்கு ரொப்பும்போது இந்தத் திரை இந்தப் பக்கம் இல்லையே."

"இல்ல."

"எத மொதல்ல போட்டீங்க?"

ஒரு வருஷமாக எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்த பதில். வந்தது இரண்டே வார்த்தை. "நம்ம காலேஜ."

பொன்னுத்தாயின் போன் கணகணத்தது. ஓ.டி.பி. வந்திருந்தது. அந்த அம்மா மற்றவர்களைப் போலவே என்னைப் பார்த்துப் படிக்க வாயெடுத்தார். செல்வி போனின்மேல் கையை வைத்து மூடினாள்.

"அத்தை, அந்த நம்பர யாருகிட்டயும் சொல்லாதீங்க. கனிய அடிக்கச் சொல்லுங்க. மேடம் கேட்டாலும் சொல்லாதீங்க."

கனி அடித்தாள். 'பிரிண்டர் ரிப்பேர்' தாளைக் கிழித்துவிட்டுப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பாஸ்வேர்டு சீட்டையும் கொடுத்தேன். செல்வி கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினாள், சுருக்கம் விழாமல் இழுத்தும் விட்டாள். மூன்று பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"திங்கக்கிழமை ரூமுக்கு வாங்க மேடம்" என்றார் ஹெச்.ஓ.டி.

ஜூலை 12, ஞாயிறு

காலை பத்து மணிக்குக் குருசாமி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை லோடுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கிறார். தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு எடுத்தேன்.

"டீச்சரம்மா, செல்வி என்னமோ சொல்லுதா. நேத்துல இருந்து சாப்பிடல. நான் நம்பல. அப்படியெல்லாம் டீச்சரம்மா செய்ய மாட்டான்னு ஏசிட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவேன்."

சொன்னேன். மானிட்டர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எதை அடித்தேன், எதை வாசித்தேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்ன செய்தேன், மார்க் பத்தவில்லை என்று அவரிடம் ஏன் சொன்னேன் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சிருங்கண்ணே என்றும் சொன்னேன். அந்த வார்த்தை எதற்கும் காணாது என்று சொல்லும்போதே தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ எம்புள்ளைக்கு மார்க்கு பத்திச்சா டீச்சரம்மா?"

"பத்திச்சுண்ணே. நாலரை மார்க் கூடவே இருந்துச்சு."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது. குரல் தூரத்தில் கேட்டது, வீட்டுக்குள்ளே பார்த்துக் கூப்பிடும் குரல்.

"ஏட்டி செல்வி! ஒனக்கு மார்க்கு பத்திச்சாம்ட்டி! பத்திச்சாம்!"

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். நானும் வைக்கவில்லை.